விதையில் முளைத்த இருக்கை

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், ஊசி போடுவதைப் போலவே நேரம் பார்ப்பதிலும் இரக்கமே காட்டாதவருமான மறுவாழ்வு மருத்துவமனைத் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை மறுத்துவிட்டுப் போன நிர்வாகி அவர்களே! வெட்டுகிற கைகளே, வளைக்கிற கைகளே, பற்றவைக்கிற கைகளே, பளபளப்பாக்குகிற கைகளே! இரும்புத் தூள் படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே எங்கள் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்துகொண்ட இல்லத்தாரே! எங்கள் இருக்கைகளில் அமர்ந்து எங்களை நிமிர வைத்த பயனாளிகளே! பெரியோர்களே, தாய்மார்களே, பேச்சு சலித்தால் நழுவத் தோதாக வாசலோரம் இடம் பிடித்திருக்கும் புத்திசாலிகளே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். "உயிர்களின் பரிணாமமும் வளர்ச்சியும் காட்டும் வழியில் கணினித் தானியங்கிப் பொறியியல் வடிவமைப்பு." மூச்சு வாங்குகிறதா? எனக்கும் வாங்குகிறது. இதைப் படித்துவிட்டு என் மாமியார் கேட்டார்: "ஏம்மா, இதுக்கு ஆள் வருவாங்களா, இல்ல நாங்களே நாலு பேர் வந்து உக்காரணுமா?" நிறைந்திருக்கும் இந்தக் கூடத்தைக் காண அவரும் வந்திருக்கிறார். அத்தை, நன்றாகத் திரும்பிப் பாருங்கள்!

தலைப்பு பெரிது. ஆனால் நான் சொல்லப் போவது ஒரு நாற்காலியின் கதை. ஒரு பெண்ணின் கதை.

அவர் ஒரு தையற்காரர். சிறுமியாக இருந்தபோது மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. இடுப்புக்குக் கீழேதான் போயிற்று. இடுப்புக்கு மேலே? அந்தக் கைகளின் வேகத்தைக் கண்டவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மின்னல்'. மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர் சொன்னால்தான் அவரைத் தெரியும். காலால் மிதிக்க முடியாது என்பதால், அவருடைய தையல் இயந்திரத்துக்கு இடது முழங்கையால் அழுத்தும் விசை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அழுத்தினால் ஓடும். விட்டால் நிற்கும்.

நாளெல்லாம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு உடலில் புண் வந்தது. உணர்ச்சி இல்லாத இடத்தில் வரும் புண் வலிக்காது, வலிக்காததால் தெரியாது, தெரியாததால் ஆழமாகும். ஆறியது, வந்தது. மறுபடியும் ஆறியது, மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த நாற்காலியில இனிமே ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காராதீங்க. மீறினா மாசக்கணக்குல படுக்கைதான். தையலை விட்டுடறது நல்லது."

நேரே, இரும்பில் இருக்கைகள் செய்யும் எங்கள் தொழிற்கூடத்துக்கு வந்தார் மின்னல். என் மேசைக்கு எதிரே சக்கர நாற்காலியை நிறுத்தினார்.

"அக்கா, ஒரு மணி நேரத்துல நான் என்னத்தத் தைக்க? நூலைக் கோத்து நிமிரறதுக்குள்ள ஓடிடும். தையலை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? பேசத்தான் தெரியும். பேசறதுக்கு யார் வேலை கொடுப்பாங்க?"

எனக்கு மட்டும் இன்றைக்கு மேடையே கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!

"ஒரு நல்ல இருக்கை செஞ்சு தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நான் கோடு போட்டுப் பிழைக்கும் வடிவமைப்பாளர். பதினோரு இருக்கைகள் வரைந்தேன். இடப்பக்கம் அழுத்தத்தைக் குறைத்தால் வலப்பக்கம் கூடியது; முதுகைத் தாங்கினால் தொடை தவித்தது. அவருடைய முதுகெலும்போ ஒரு பக்கமாக வளைந்தது. என் கோடுகளோ நேரானவை. வளைந்த உடலை நேர்கோட்டால் தாங்க முடியுமா?

அப்போதுதான் உயிர்களைப் பார்த்தேன். இயற்கை ஒன்றைச் செய்துவிட்டு உட்கார்ந்து அழகு பார்ப்பதில்லை. ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட ஓராயிரத்தைப் படைக்கிறது. அவற்றில் சில பிழைக்கின்றன. பிழைத்தவை பெருகுகின்றன. பெருகும்போது ஒரு சிறு பிழை நுழைகிறது. அந்தப் பிழையே சில வேளை புது வழியாகிறது. நம் மொழியின் நுட்பத்தைப் பாருங்கள்! பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் உயிரோடு நிலைத்தல். இரண்டுக்கும் ஒரே சொல்! பிழைத்துப் பிழைத்தே பிழைத்தது உயிர். இதைச் சொல்ல வேற்று மொழியில் ஒரு புத்தகம் வேண்டும். நமக்கு ஒரு சொல் போதும்!

சரி, பலமாகத் தட்டிவிட்டீர்கள். இனிமேல்தான் நான் அவமானப்பட்ட இடம் வருகிறது. அதையும் கேளுங்கள்.

கணினிக்குள் முந்நூறு இருக்கைகளை உண்டாக்கினேன். இருக்கை என்றால் கம்பிகளின் கூட்டம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நீளம், ஒரு தடிமன், ஒரு சாய்வு. ஒவ்வோர் இருக்கையிலும் மின்னலின் உடல் அளவுள்ள ஓர் உருவத்தைக் கணினியே உட்கார வைத்துச் சோதிக்கும். தேறியவற்றை இணைக்கும், அங்கங்கே சற்று மாற்றும், அடுத்த தலைமுறையைப் பெறும். நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: உடலில் எங்கும் அழுத்தம் கூடாது.

மறுநாள் காலை வந்து பார்த்தேன். அழுத்தம் சுழியம்! எனக்கு வாயெல்லாம் பல். பற்றவைப்பவர் அண்ணனைக் கூப்பிட்டேன். உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், 'தீப்பொறி' என்று நீங்கள் செல்லமாக அழைப்பவர். அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரையைப் பார்த்தார்.

"மேடம், இது சறுக்குமரம்."

ஆமாம்! உட்கார்ந்தவர் வழுக்கித் தரையில் விழும்படி ஓர் இருக்கையைப் படைத்திருந்தது கணினி. ஆளே இல்லாத இருக்கையில் அழுத்தம் எங்கிருந்து வரும்?

"இது நம்மள ஏமாத்துது அண்ணே" என்றேன்.

"ஏமாத்தல மேடம். நீங்க கேட்டதைத்தான் கொடுத்திருக்கு. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியல."

சுருக்கென்றது. ஆனால் உண்மை! விழக் கூடாது என்று சேர்த்தேன். சாயக் கூடாது என்று சேர்த்தேன். இரண்டு வாரம் ஓடியது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை என்ன? புதர்கள்! ஒட்டாத கம்பி, ஒழுங்கில்லாத கம்பி, ஒன்றையும் தாங்காமல் அந்தரத்தில் தொங்கும் கம்பி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஒரு கம்பி ஒரு விரற்கடை நீண்டால் பக்கத்துக் கம்பிகள் எட்டாமல் நின்றன. முதுகு வளர்ந்தால் விலா வளரவில்லை. எவ்வளவோ பிழை இருந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை.

இங்கேதான் என் தங்கை வருகிறாள். அவள் நாற்றங்காலில் செடிகளை ஆராய்கிறவள். வீட்டுச் சாவியை மறந்துவிட்டு என்னிடம் வாங்க வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, முள்ளுப் புதரா?"

"நாற்காலிடி."

"யாருக்கு? எதிரிக்கா?"

சிரிக்காதீர்கள், எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியா நீளம் எழுதி வச்சிருக்கியா?"

"ஆமா. வேற எப்படி?"

"மரத்துக்குள்ள அப்படி யாரு எழுதி வச்சிருக்கா? எந்தக் கிளை எத்தன அடின்னு விதைக்குள்ள பட்டியலா போட்டிருக்கு? எப்படி வளரணும்ங்கிறதுதான் இருக்கு. வெளிச்சம் வந்தா அந்தப் பக்கம் போ, பாரம் விழுந்தா அங்க தடிச்சுக்கோ. நீ முழு மரத்தைக் குலுக்கி இன்னொரு மரம் பண்ணப் பாக்குற. விதையைக் குலுக்குக்கா!"

விதையைக் குலுக்கு!

அவையோரே, அன்றைக்கு அவள் சாவியை வாங்க வந்தாளா, கொடுக்க வந்தாளா?

பழைய முந்நூற்றையும் அழித்தேன். புதிதாக முந்நூறு விதைகள் செய்தேன். விதை என்றால் என்ன? பதினான்கு சிறு கட்டளைகள். 'இங்கே பாரம் அதிகம், தடித்துக்கொள். இங்கே பாரம் இல்லை, மெலிந்துகொள். இரண்டு கிளைகள் நெருங்கினால் சேர்ந்துகொள்.' அவ்வளவுதான். கணினிக்குள் ஒரு சிறு முளையாகத் தொடங்கும். மேலே ஓர் உடல் மெல்ல மெல்ல அமரும். அந்தப் பாரத்தை உணர்ந்து உணர்ந்து முளை தண்டாகும், தண்டு கிளையாகும், கிளை பின்னி இருக்கையாகும். நன்றாக வளர்ந்த இருக்கைகளின் விதைகளை மட்டும் எடுத்து, கலந்து, சிறிது பிழை தூவி, மறுபடியும் விதைப்போம். இப்போது ஒரு கட்டளையில் ஒரு சிறு மாற்றம் வந்தால்? முதுகு நீண்டது; கூடவே விலாவும் நீண்டது! பெற்றவளோடு பிள்ளைகள் போவது போல எல்லாம் சேர்ந்து போயின. ஆறாம் நாள் திரையில் நின்றது ஓர் இருக்கை. நடுநரம்பும் கிளைநரம்புமாக, ஓர் இலையைப் போல.

தீப்பொறி அண்ணன் அதைச் செய்து கொடுத்தார். அமர்ந்து பார்த்தார் மின்னல். அழுத்தம் எங்கும் அளவோடு இருந்தது. மருத்துவர் கைகுலுக்கினார். நிர்வாகி படம் எடுத்துக்கொண்டார். நானும் படத்தில் முன்னால்தான் நின்றேன்.

நான்கே நாளில் இருக்கை திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் மின்னலேதான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது தங்கமான நாற்காலி. சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்கு. நான் சும்மாவா உக்காந்திருக்கேன்? விசையை அழுத்துறப்பல்லாம் இடது பக்கம் இழுத்துட்டுப் போகுது. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கவா, துணியைப் பிடிச்சுக்கவா?"

உடலை அளந்தோம்; உழைப்பை அளந்தோமா? மின்னலைச் சிலையாக உட்கார வைத்து, அந்தச் சிலைக்கு இருக்கை வளர்த்திருக்கிறோம்!

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் புலம்பினேன். அவள் கை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "காத்தே படாம வளர்த்த நாத்து அப்படித்தான்க்கா இருக்கும். பாக்க அழகா நெடுநெடுன்னு நிக்கும். வெளிய நட்டா சாஞ்சிடும். தண்டு தடிக்கணும்னா சின்னதுலயே காத்து அடிக்கணும். நாங்க தெனமும் கையாலயே தடவி ஆட்டி விடுவோம். உன் நாற்காலிக்குக் காத்து எது?"

எது காற்று? மின்னலின் வேலைதான் காற்று!

இரண்டு நாள், அவருடைய பழைய இருக்கையில் அழுத்தத்தை அளக்கும் விரிப்பை வைத்து, ஒரு மணி நேரம் தைப்பதும் படுத்து இளைப்பாறுவதுமாக அவருடைய ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்தோம். குனிகிறார், நிமிர்கிறார், துணியைத் திருப்புகிறார், இடது முழங்கையை அழுத்துகிறார், பக்கத்திலிருப்பவரிடம் வம்பு பேசத் திரும்புகிறார். வம்பும் பதிவாகியிருக்கிறது, பயப்படாதீர்கள், குரல் இல்லாமல்தான்! அந்தக் காற்றில் விதைகளை வளர்த்தோம். ஒவ்வொரு விதையும் முளைக்கும்போதே ஆடியது; ஆடிக்கொண்டே வளர்ந்தது.

வளர்ந்து வந்தது ஒரு விநோதம். இடப்பக்கம் கொடுக்கு போல ஒரு தடித்த வளைவு. வலப்பக்கம் ஏறக்குறைய மொட்டை. அடியில் குறுக்கே, எதற்கென்றே தெரியாத ஒரு மெல்லிய குழாய்.

"இது நாற்காலியா, நண்டா?" என்றார் தீப்பொறி அண்ணன். "பத்தொன்பது குழாய், பத்தொன்பது அளவு. அதுவும் போகட்டும். இந்த மூட்டு இருக்கே, உள்ள என் கை போகாது. கணினிக்குக் கை இருக்கா மேடம்?"

இல்லை! கணினிக்குக் கை இல்லை. ஆகவே அண்ணனின் கையை அளந்தோம். பற்றவைக்கும் கருவி உள்ளே நுழைய வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தோம். நுழையாத இருக்கைகள் எல்லாம் தோற்றன. பரிணாமத்தின் வாசலில் காவல் நின்றது தீப்பொறி அண்ணனின் கை! அண்ணே, எழுந்து நில்லுங்கள். வேண்டாமா? வெட்கமாம். சரி, அடுத்ததைச் சொன்னால் இன்னும் வெட்கப்படுவார். சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

சோதனை நாள். தையற்கூடத்திலேயே புதிய இருக்கையைப் பொருத்தினோம். மின்னல் ஏறி அமர்ந்தார். துணியை வைத்தார். இடது முழங்கையால் விசையை அழுத்தினார். அழுத்தியதும் அடியிலே ஒரு முனகல். இருக்கை இடப்பக்கம் நழுவியது. மின்னலின் உடல் சாய்ந்தது. தையல் மேசையின் கூர்மையான முனை அவர் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

தாவிப் பிடித்தவர் தீப்பொறி அண்ணன். இரண்டு கைகளாலும் அவரைத் தாங்கி நிமிர்த்தி உட்கார வைத்தார். முழங்கை விலகியதும் இயந்திரமும் நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணினி செய்த கோளாறு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். நானே நம்பத்தான் தொடங்கியிருந்தேன். அப்போது அண்ணன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தப்பு என்னோடது. வரைபடத்துல அடியில ஒரு மெல்லிசு குழாய் இருந்துச்சு. சும்மா தொங்குதுன்னு நெனச்சு நான்தான் போடாம விட்டுட்டேன். முப்பது வருஷமா இரும்போட இருக்கேன், எனக்குத் தெரியாதான்னு ஒரு திமிர். என்னை மன்னிச்சிடும்மா."

மின்னல் கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டார். "மன்னிக்கிறேன் அண்ணே. ஆனா இப்பவே போய் அதைப் போட்டுட்டு வாங்க. எனக்கு வேலை கெடக்கு."

வீரம் எது, அவையோரே? விழுந்தவரைப் பிடிப்பது வீரம். பிடித்த கையோடு, 'விழ வைத்தவன் நான்தான்' என்று சொல்வது அதனினும் பெரிய வீரம்! இந்தக் கைதட்டல் அவருக்குத்தான். இப்போதாவது நில்லுங்கள் அண்ணே! நின்றுவிட்டார், நின்றுவிட்டார்.

அன்று பிற்பகலே குழாய் சேர்ந்தது. முழங்கை இடப்பக்கம் அழுத்தும்போது அந்த மெல்லிய குழாய்தான் வலப்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. நாங்கள் யாரும் அதை வரையவில்லை. வரைந்திருக்கவும் மாட்டோம். மறுநாள் காலை தைக்கத் தொடங்கினார் மின்னல். மருத்துவர் சொன்னபடி இடையிடையே கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இளைப்பாறினார். மற்றபடி மாலை மணி அடிக்கும்வரை தைத்தார். பிறகு திரையை இழுத்து மூடிக்கொண்டு புண்ணுக்கு முன்னோடியாகத் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று சோதித்தவர் இதோ இந்தத் தலைவர் அம்மையார்தான். வெளியே நாங்கள் ஏழு பேர், பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போல நின்றோம். திரை விலகியது. அம்மையார் சொன்னது இரண்டே சொல்: "சிவப்பே இல்ல."

அவருடைய பேச்சு எப்போதும் சுருக்கம். எனக்கும் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், சுருக்கமாக: 'முடி'. முடிக்கிறேன் அம்மா, இன்னும் ஒன்றே ஒன்று.

அந்த விதை இன்றைக்கு நாற்பது பேருக்கு நாற்பது விதமாக வளர்ந்திருக்கிறது. பயணச்சீட்டுக் கொடுப்பவருக்கு வலப்பக்கம் தடித்தது. கணக்கு வாத்தியாருக்கு முதுகு உயர்ந்தது. விதை ஒன்றுதான், வாழ்க்கைதான் வேறு வேறு. ஒரே அச்சில் வார்த்துவிட்டு, அதற்குள் மனிதனை மடக்கித் திணிப்பதா பொறியியல்? இல்லை! அவன் அமரும் இடத்தில், அவன் உழைக்கும் காற்றில், அவனுக்கென்று முளைத்து வருவதே பொறியியல்! உடல் மாறும். உழைப்பு மாறும். மாறினால் மறுபடியும் விதைப்போம்! பிழை வரும். வந்தால் ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டால் பிழைப்போம்!

சென்ற ஆண்டு ஒரு நாள் மின்னல் மறுபடியும் வந்து நின்றார். உடன் அவர் கணவர்.

"நாற்காலி சரியில்ல அக்கா."

நான் அளவு நாடாவை எடுத்தேன். "எங்க இடிக்குது?"

"வயித்துல."

நான் குனிந்து தேடினேன். "அங்க கம்பியே இல்லையே!"

தீப்பொறி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், கம்பியைப் பாக்காதீங்க. அவங்க முகத்தைப் பாருங்க!"

பார்த்தேன். புரிந்தது. ஐந்தாம் மாதம்.

ஆனந்தக் கூத்தெல்லாம் அடங்கியபின் தாளை எடுத்தேன். சறுக்குமரத்தில் பட்ட பாடு மறக்குமா? இம்முறை ஒழுங்காகக் கேட்க வேண்டும். "புது இருக்கைக்கு என்னென்ன வேணும்? ஒண்ணு விடாம சொல்லு."

பேசுவதற்கே பிறந்த அந்தப் பெண், முதலில் தன் தொடைமேல் கையை வைத்துக் காட்டினார். பிறகு சொன்னார்:

"என் தொடை முன்னால சரியுது அக்கா. புள்ளைய வச்சா உருண்டுடும். எனக்கு ஒரு மடி வேணும்."

மடி! எந்தப் பொறியியல் நூலில் இருக்கிறது அந்தச் சொல்? அதற்கு அளவு என்ன, அலகு என்ன? நின்றால் மறைந்துவிடுகிற, அமர்ந்தால் மட்டுமே பிறக்கிற இடமல்லவா மடி! தாளில் அந்த ஒரு சொல்லை எழுதினேன். பிறகு ஒரு சிறு மூட்டையில் மணலைக் கட்டி, பச்சைக் குழந்தையின் எடைக்குச் சரிசெய்து, அவர் தொடைமேல் வைத்து அளக்கத் தொடங்கினோம். அது உருளும் திசையெல்லாம் பதிவு செய்தோம். விதைத்தோம். காத்திருந்தோம்.

மூன்றாம் வரிசையின் ஓரத்தைப் பாருங்கள். மெதுவாகத் திரும்புங்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து இந்த நிமிடம் வரை, நீங்கள் இத்தனை முறை கைதட்டியும், ஒரு குழந்தை அங்கே மடியில் புரண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. உருளவில்லை. அதன் தாயின் இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன.

மேடையேறிப் பேசும் எவரும் கேட்கக் கூடாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். இப்போது யாரும் கைதட்டாதீர்கள். குழந்தை தூங்கட்டும்.

கேட்டவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும் நன்றி. தாழ்ந்த குரலிலேயே சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.